கொட்டேஷனின் கீழ்ப்பாதி

2025 ஜூலை கடைசி. ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் ஒரு கார் ஷோரூமுக்குப் போனோம். காபி கொடுத்து உட்காரவைத்த சேல்ஸ் தம்பி, கொஞ்ச நேரத்தில் ஒரு தாளைப் பிரிண்ட் எடுத்து வந்து நீட்டினான். அடியில் தடித்த எழுத்தில் ரூ.10,75,600 என்று இருந்தது. அதைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் "ஆடி ஆஃபர் 15,000" என்று எழுதினான். "மேனேஜர்கிட்டச் சண்டை போட்டு வாங்குனதுங்ணா. இன்னைக்கு புக் பண்ணுனாத்தான் இந்த ரேட்டு" என்றான். சொன்னது எங்க வீட்டுக்காரரிடம். கடன் எடுக்கப்போவதும் மாதத் தவணை கட்டப்போவதும் நான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதிமூன்று வருடம் ஓட்டிய பழைய கார் மாமனாரின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. ஏறவும் இறங்கவும் சிரமப்பட்டார். அதனால் கொஞ்சம் உயரமான, நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு பெட்ரோல் வண்டியைப் பார்த்து வைத்திருந்தோம். வாங்கி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டதை, அடுத்து வண்டி எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்றுமட்டும் சொன்னேன். முதல் தடவை போகும்போது இதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம் என்பேன். தாள் கைக்கு வந்தால் போதும். சில இடங்களில் தாள் கொடுக்க மாட்டார்கள், விசிட்டிங் கார்டின் பின்னால் ஒரு தொகையைக் கிறுக்கித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வரிவரியாகப் பிரித்த கொட்டேஷனைக் கேளுங்கள்.

இரவு சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே இரண்டே வரி: எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.8,60,000, ஆயுள் சாலை வரி ரூ.1,11,800. முதலாவது கம்பெனி வைத்த விலை, எந்த டீலரிடம் போனாலும் அதேதான். இரண்டாவது அரசாங்க வரி, அதில் ஒரு ரூபாய் குறைக்க யாராலும் முடியாது. கோட்டுக்குக் கீழே இருந்தவை இவை: இன்சூரன்ஸ் 45,900. ரிஜிஸ்ட்ரேஷன் 9,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. ஆக்சஸரீஸ் கிட் 18,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,500. டெஃப்லான் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் பூச்சு) 7,900. ஃபாஸ்டாக் 600. கூட்டினால் ரூ.1,03,800 வந்தது.

"கார் விலையில் எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் ஷோரூமுக்குள் நுழைகிறோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் பேரம் பேச இடமிருப்பது தாளின் கீழ்ப்பாதியில். மேல்பாதியில் 15,000 தள்ளுபடி என்று நம்மைச் சந்தோஷப்படுத்திவிட்டு, கீழ்ப்பாதியில் ஒரு லட்சத்துக்கு மேல் யாரும் கேள்வி கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை குடும்பங்கள் வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு வருகின்றன என்று நினைத்தபோது எனக்குக் கோபமே வந்தது.

ஹேண்ட்லிங் சார்ஜை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்பெனி யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டுவரும் செலவு என்பார்கள். வண்டியை விற்பதற்காகக் கொண்டுவருவது அவர்கள் தொழில். அதற்குத் தனியாக நாம் பணம் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்று ஷோரூமில் கேட்டேன். "இந்த வரி எதுக்குங்க, எடுத்துருங்க" என்று நேராகச் சொன்னதும் இரண்டு இடத்தில் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் என்று 9,500 போட்டிருந்ததே, அதில் மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோகக் காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம். மீதி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைகிற ஆளுக்கு. அலைகிற ஆளுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் 4,200க்கு ஒத்துக்கொண்டார்கள்.

ஆக்சஸரீஸ் கிட்டில் சீட் கவர், ஸ்டீயரிங் கவர், சைடு பீடிங், வாசனை டப்பா எல்லாம் இருந்தது. எனக்கு வேண்டியது மேட்டும் மட் ஃப்ளாப்பும். "கிட்டாத்தானுங்கக்கா வரும், தனியாக் குடுக்க மாட்டாங்க" என்றான் தம்பி. கொடுத்தார்கள், 3,800க்கு. சீட் கவர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வரும் நிறைய வண்டிகளில் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. அதற்கென்று தைத்த உறையாக இல்லாவிட்டால் ஏர்பேக் விரிவதைத் தடுத்துவிடும். ஷோரூமில் இலவசமாகக் கொடுத்தாலும் இதைக் கேட்டுப் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். டெஃப்லான் கோட்டிங்கை அடித்துவிடச் சொன்னேன். எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன், அது டீலர் தனியாக விற்பதல்ல, கம்பெனியே தருவது என்று உறுதி செய்துகொண்ட பிறகு.

இதற்கிடையில் தம்பி எங்களை மேல் வேரியண்டுக்குத் தள்ளப் பார்த்தான். சன்ரூஃப் உள்ளது, எக்ஸ்-ஷோரூம் ரூ.10,30,000. "ஒன்னே முக்கால் லட்சந்தானுங்க்கா வித்தியாசம்." தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி வண்டியின் விலைக்கேற்பப் படிப்படியாக ஏறுகிறது: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சம் என்ற கோட்டைத் தாண்டியதும் முழு விலைக்கும் 18 சதவீதம். 10,30,000க்கு வரி 1,85,400. நாங்கள் பார்த்த வண்டிக்கு 1,11,800. வரியில் மட்டும் 73,600 கூடுகிறது. அதோடு பத்து லட்சத்துக்கு மேல் விலை போனால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும். ஆக, ஒன்னே முக்கால் லட்சம் என்றது இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. பத்து லட்சத்தை ஒட்டி வண்டி பார்க்கிறவர்கள் வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். ஷோரூமில் தானாக யாரும் போட்டுக்காட்ட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. மாமனார் நல்ல நாள் என்றதால் பத்தாயிரம் கட்டி அதே ஷோரூமில் புக் பண்ணினோம். இங்கே ஒரு தப்புச் செய்தேன். ரசீதில் "கேன்சல் செய்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கவில்லை. "அது ஆட்டோமேட்டிக்கா வந்துருங்க்கா" என்ற வாய்வார்த்தையை நம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 கூட்டத்தில் முடிவாகி, 22ஆம் தேதியிலிருந்து நடைமுறை. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் ஒரு சதவீத செஸ்ஸும் சேர்ந்து 29 ஆக இருந்தது 18 ஆனது. எங்கள் வண்டி 8,60,000த்திலிருந்து 7,87,000க்கு வந்தது. விலை குறைந்ததால் சாலை வரியும் 1,02,310 ஆனது. ஐந்து மாதம் பேசி நான் வாங்கிய எந்த ஒரு குறைப்பையும்விட இது பெரிய தொகை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அறிவிப்பு வந்ததுமே புக்கிங்கை நிறுத்தச் சொன்னோம். பத்தாயிரம் திரும்ப வர ஐந்து வாரம் ஆனது. தினமும் போன் செய்து பலனில்லை. கடைசியில் ரசீதின் நகலோடு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த நான்காம் நாள் பணம் வந்தது. போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு.

செப்டம்பர் 22 அன்றே நவராத்திரியும் ஆரம்பம். ஆயுத பூஜைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று கூட்டம் அலைமோதியது. தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. வண்டி கிடைத்தால் போதும் என்று மக்கள் நின்றார்கள். மாமனாருக்கு ஆயுத பூஜையை விட மனசில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "மாமா, மார்கழில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க. அப்ப அவங்க நம்மளைக் கூப்பிடுவாங்க" என்றேன். "மார்கழிலயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த இடைவெளியில் பழைய காரைப் பார்த்தோம். எக்ஸ்சேஞ்சில் ஷோரூம் சொன்ன விலை 1,35,000, அதோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000. வெளியில் எங்கள் மெக்கானிக் மூலம் ஒருவர் 1,80,000க்குக் கேட்டார். வெளியில் விற்றாலும், ஆர்.சி. மாறியதற்கான நகலைக் காட்டினால் அந்த 20,000 போனஸ் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு ஷோரூமில் முடியாது என்றார்கள், இன்னொன்றில் முடியும் என்றார்கள். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பேர் மாறும்வரை விடாதீர்கள். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனக்கு இதில் மிகப் பெரிய ஆச்சரியம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. பழைய காரில் ஆறு வருஷமாக எந்தக் கிளெய்மும் இல்லை. 50 சதவீதம் சேர்ந்திருந்தது. அது வண்டிக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால், புது வண்டியின் சொந்த சேதப் பிரீமியத்தில் அந்தத் தள்ளுபடி அப்படியே கிடைக்கும். மூன்று வருஷத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன், பழைய கார் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னது எங்கள் பள்ளி அலுவலக உதவியாளரின் மகள், இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

புது விலைக்கு ஷோரூம் சொன்ன பிரீமியம் 43,800. அதே இன்சூரன்ஸ் கம்பெனி, அதே ஐ.டி.வி. (வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொள்ளும் மதிப்பு), அதே ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது), அதே எஞ்சின் பாதுகாப்பு. வெளியில் நோ கிளெய்ம் போனஸோடு 29,700. எல்லாம் ஒன்றாக வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டு மலிவாகக் காட்டுகிறவர்களும் உண்டு. மூன்று வருஷ மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான், எங்கள் எஞ்சின் அளவுக்கு 10,640. "வெளிய போட்டா கேஷ்லெஸ் ஆகாதுங்க்கா" என்று பயமுறுத்தினார்கள். கேஷ்லெஸ், அதாவது பழுதுபார்க்கும் செலவை நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனி நேராகக் கட்டுவது, அந்தக் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசி யார் மூலம் எடுத்தோம் என்பதைப் பொறுத்ததல்ல. பட்டியலில் அந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இருந்தது.

டிசம்பர் 20, சனிக்கிழமை. மார்கழி பிறந்து ஐந்தாம் நாள். கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஷோரூம். போன ஆயுத பூஜைக்கு நிற்க இடமில்லாமல் இருந்த ஹாலில் எங்களைத் தவிர இன்னொரு குடும்பம்தான் இருந்தது. வருஷக் கடைசி, மாசக் கடைசி, மார்கழி மூன்றும் சேர்ந்த நேரம். அங்கே இருந்த பையன் என்னைப் பார்த்தே பேசினான். நல்ல பையன். நான்காவது தடவை "மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு வர்றனுங்க்கா" என்று கண்ணாடி அறைக்குப் போனபோது நானும் கூடவே எழுந்து போனேன்.

"சொல்லுங்க டீச்சர், எவ்வளவு டிஸ்கவுன்ட் எதிர்பார்க்கறீங்க?" என்றார் மேனேஜர்.

"டிஸ்கவுன்ட் எனக்கு வேண்டாங்க சார். வண்டி வீட்டுக்கு வர்றதுக்கு நான் கட்ட வேண்டிய கடைசித் தொகை என்ன, அதுல எது எதுக்கு எவ்வளவு, ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. திருப்பூர்ல ரெண்டு தாள் வாங்கி வெச்சிருக்கறேன்" என்று அந்த இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் எடுத்துப் பார்த்தார். என் பென்சில் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்து, கம்பெனி ஆஃபர் 30,000 போட்டார். டீலர் பக்கத்திலிருந்து 5,000 என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. எங்க வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் கையைத் தொட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். "சரி, ஏழு போட்டுக்கங்க. இதுக்கு மேல என் கையில இல்லீங்க" என்றார். அது உண்மை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அங்கே நிறுத்திவிட்டேன். அவர்களுக்கும் லாபம் வேண்டும், அந்தப் பையனுக்கும் இன்சென்டிவ் வேண்டும், பத்து வருஷம் இதே இடத்துக்குத்தான் சர்வீசுக்கு வரப்போகிறோம். விலை 7,87,000, சாலை வரி 1,02,310, ரிஜிஸ்ட்ரேஷன் 4,200, மேட்டும் மட் ஃப்ளாப்பும் 3,800, வாரண்டி 14,500, ஃபாஸ்டாக் 600, வெளியில் எடுத்த இன்சூரன்ஸ் 29,700. ஆக 9,42,110. அதில் 37,000 கழித்து 9,05,110. பழைய காரின் ஆர்.சி. மாறியதும் 20,000 தனியாகத் தருவதாக அதே தாளில் எழுதி வாங்கினேன்.

வருஷக் கடைசியில் தள்ளுபடி கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஜனவரி வந்தால் அந்த வண்டி போன வருஷத் தயாரிப்பு. இரண்டு மூன்று வருஷத்தில் விற்கிறவர்களுக்கு அது நஷ்டம். நாங்கள் பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள், எங்களுக்கு அது பெரிதில்லை.

கடன் விஷயத்தில் பேச்சு நீளவில்லை. ஆறு லட்சம், ஐந்து வருஷம். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 8.9 சதவீதம், ஷோரூம் மேசையில் 9.75. "மாசத்துக்கு 250 ரூபாதானுங்க்கா வித்தியாசம், இங்கன்னா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும்." 250ஐ அறுபதால் பெருக்கினால் 15,000. வங்கிக்கு மூன்று தடவை போனேன். அந்த நடைக்கு அந்தப் பணம் தகும்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன், வண்டியைப் பதிவு செய்வதற்கு முன், யார்டில் நேரில் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பதிவாகிவிட்டால் பிறகு அது நம் வண்டி, திருப்பிக் கொடுக்க முடியாது. 23ஆம் தேதி சாயங்காலம் எங்க வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் நானும் டார்ச் லைட்டோடு போனோம். இங்கே அவருடைய கண் உதவியது. துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர். பின் இடது கதவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இந்த எடத்துல பளபளப்பு வேற மாதிரி இருக்குது" என்றார். விரல் வைத்துப் பார்த்தேன். கதவின் ஓரத்து ரப்பரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், பெயிண்ட் துளி படிந்திருந்தது. கதவை எங்கேயோ இடித்து, திரும்பப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். டயரில் நான்கு எண் இருக்கும், 3825 என்றால் 2025இன் 38ஆம் வாரம். நான்கு டயரும் ஒத்துப்போயின. ஆனாலும் அந்த வண்டி வேண்டாம் என்றோம். யார்டில் இருந்தவர் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேறு வண்டி கேட்டோம். பணம் கட்டியிருக்கவில்லை என்பதால் பேச்சு வளரவில்லை. 26ஆம் தேதி இன்னொரு வண்டியைக் காட்டினார்கள். சேஸ் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு, அதே நம்பர் இன்வாய்ஸில் ஏறியதைப் பார்த்த பிறகே வங்கியிடம் காசோலை கொடுக்கச் சொன்னேன்.

டெலிவரி டிசம்பர் 30. வைகுண்ட ஏகாதசி. மார்கழியாக இருந்தாலும் அந்த நாளுக்கு மாமனார் மறுப்புச் சொல்லவில்லை. காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஷோரூமுக்கு வந்தார். முன் சீட்டில் குனியாமல் உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

பழைய காரின் ஆர்.சி. புது உரிமையாளர் பெயருக்கு மாறி வந்தது ஜனவரி மூன்றாம் வாரம். நகலை அன்றைக்கே அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாளை போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். ஜனவரி 30 வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்து வெளியே வந்தபோது, 20,000 வரவு என்று வங்கியிலிருந்து மெசேஜ் இருந்தது.